பொருள் வரும்போது பணம்



சென்னையில் ஒரு புத்தக வணிகர். தொலைவிலுள்ள சிற்றூரில் ஒரு மாணவன். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. பணத்தை முன்னால் அனுப்பினால் புத்தகம் வருமோ என்று மாணவன் அஞ்சுகிறான். புத்தகத்தை முன்னால் அனுப்பினால் பணம் வருமோ என்று வணிகர் அஞ்சுகிறார். இரண்டு அச்சமும் நியாயமானவையே. நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவர் நடுவே நின்றாலன்றி இவ்வாணிகம் நடவாது. அம்மூன்றாமவராக இந்தியத் தபால் இலாகா 1877-ஆம் ஆண்டில் முன்வந்தது. அந்த ஏற்பாடே வி.பி.பி.

அது நடந்த முறையைக் கேளுங்கள். அனுப்புகிறவர் தபால் செலவைத் தாமே செலுத்தி, வசூலிக்க வேண்டிய தொகையைக் கட்டின்மேல் எழுதுவார். உண்மையாகவே வந்த ஆர்டரின்பேரில்தான் அனுப்புவதாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். கேளாதவர் தலையில் சரக்கைக் கட்டாதிருக்கவே இவ்விதி. தபால்காரர் தொகையைப் பெற்றுக்கொண்டு கட்டைக் கொடுப்பார். அத்தொகை மணியார்டராக அனுப்பியவரைச் சென்றடையும். பெறுகிறவர் கையில் உடனே பணம் இல்லையெனில், கட்டு ஏழு நாள் தபால் நிலையத்தில் காத்திருக்கும். பின்னர் வந்த வழியே திரும்பிவிடும்.

பணம் கொடுக்குமுன் கட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே பெறுகிறவருக்குள்ள குறை. உள்ளே இருக்கும் பொருளின் தரத்துக்குத் தபால்காரர் பொறுப்பல்லர். ஆயினும், வஞ்சனை நடந்திருப்பின் வசூலித்த தொகையை நிறுத்திவைத்துப் பெற்றவருக்கே திருப்பித்தர விதி செய்வதற்கு, 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டம் இடமளித்திருந்தது.

அனுப்புகிறவருக்கும் ஓர் இடர் உண்டு. அதை நான் கற்றது என் பிழையினாலேயே. 1973-இல் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, வீட்டில் ஒரு சொல்லும் கூறாமல், ஓர் அகராதியை வி.பி.பி.யில் அனுப்புமாறு கார்டு எழுதிப் போட்டேன். விலை 12 ரூபாய். கட்டு வந்த அன்று வீட்டில் பணமில்லை; அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஏழு நாளும் கழிந்தன. கட்டு திரும்பிற்று. என் நட்டம் ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன்.

சில நாளில் அவ்வணிகரிடமிருந்து கார்டு வந்தது. "தபால் செலவு எங்களுக்கு நட்டம். அது போகட்டும். புத்தகம் வேண்டுமாயின் எழுதுங்கள், மீண்டும் அனுப்புகிறோம்" என்றிருந்தது. வசைமொழியாக இருந்தால் மறந்திருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னைச் சுட்டது. அறுவடை முடிந்ததும் தந்தையாரிடம் உண்மையைச் சொன்னேன். வீணான தபால் செலவையும் சேர்த்து, அவரே முன்பணமாக மணியார்டர் செய்தார். அந்த அகராதி இன்றும் என் மேசைமேல் இருக்கிறது.

இன்று கார்டுக்குப் பதில் கைப்பேசி. தபால்காரர் இடத்தில் கூரியர் இளைஞர். 2010-இல் ஃபிளிப்கார்ட் நிறுவனம் இம்முறையை மேற்கொண்டபின், இணைய வாணிகத்தில் இது வேரூன்றிவிட்டது. கூரியர் நிறுவனம் வாயிலில் பெறும் பணம் சில நாள் கழித்தே விற்றவர் கைக்குச் செல்கிறது. அதுவரை அவர் முதல் முடங்கிக் கிடக்கும். நாம் 'வேண்டாம்' என்று திருப்பிவிட்டாலோ, போன கூலியும் வந்த கூலியும் பெரும்பாலும் அவர் தலையிலேயே விழும். பெரிய கடைக்கு அது கணக்கில் ஒரு வரி. வீட்டிலிருந்து புடவையோ ஊறுகாயோ விற்கும் பெண்ணுக்கு அது அன்றைய உழைப்பு.

ஆதலின், வீட்டில் யாரும் கேளாத கட்டு வந்தால் பணம் கொடாதீர்கள். கேட்ட கட்டாயின், அனுப்பியவர் பெயரையும் தொகையையும் சரிபார்த்துப் பெறுங்கள். பணம் கையில் சேருமென்ற உறுதியில்லாதபோது ஆர்டர் செய்யாதீர்கள்.

பொருள் வரும்போது பணம் கொடுக்கலாம். ஆனால் வாக்கை நாம் முன்னரே கொடுத்துவிட்டோம். அவ்வாக்கை நம்பியே கட்டு புறப்படுகிறது.