எது நிஜமாவே டார்க்?

போன எபிசோடுக்கு அப்புறம் சிதம்பரத்துல இருந்து ஒரு நேயர் மெயில் போட்டிருந்தார். ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்பணும், கையில ரெண்டு ஐடியா இருக்கு, ரெண்டுமே டார்க், எதை எழுதட்டும்னு கேட்டிருக்கார்.

முதல் கதை: பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள்ள வரிசையா பிணங்கள் கிடைக்குது. கடைசியில பார்த்தா, பிணங்களைக் கண்டுபிடிச்சுச் சொல்ற படகுக்காரர்தான் கொலைகாரர்.

ரெண்டாவது: 2004 டிசம்பர் 26, கடலூர் தேவனாம்பட்டினம். ஒரு அப்பா ஆளுக்கொரு கையில ரெண்டு பிள்ளைங்களைப் பிடிச்சுக்கிட்டு ஓடறார். அலை அடிக்குது. ஒரு கை போயிடுது. இருபது வருஷம் கழிச்சு, பிழைச்ச பொண்ணு தன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கேக்கறா: "தம்பி கை நழுவிடுச்சா, நீயா விட்டியாப்பா?"

'முதல் கதைதான் செம டார்க், ரெண்டாவது வெறும் சோகம்'னு தீர்ப்பையும் அவரே எழுதிட்டார். எனக்கு அப்படித் தோணல.

ஜெயகாந்தனை எடுத்துக்கலாம். 1934-ல் கடலூர்ல பிறந்தவர். 1966-ல் ஆனந்த விகடன்ல அவரோட 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை, பஸ் ஸ்டாப், தனியா நிக்கிற கல்லூரிப் பெண். காரில் வந்தவன் ஏத்திக்கிட்டுப் போய் அவளைச் சீரழிச்சுடறான். இதுவரைக்கும் பார்த்தா இந்த பிளாட்டை யார் வேணும்னாலும் யோசிக்கலாம். அவ வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னதுக்கு அப்புறம்தான் கதையே இருக்கு. அம்மா முதல்ல அடிக்கிறாள். அப்புறம் தலையில தண்ணி ஊத்தி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லி மகளை ஏத்துக்கறாள். அந்த முடிவுக்குத்தான் அவ்வளவு எதிர்ப்பும் கிளம்பிச்சு. காரில் நடந்ததை ஜீரணிச்சவங்களால, ஒரு அம்மா ஊத்தின தண்ணியை ஜீரணிக்க முடியல!

அவர் அதோட விடல. அம்மா கத்தி ஊரைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்த இன்னொரு வழிதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அதுல கங்காவை அண்ணன் வீட்டை விட்டே துரத்திடறான். நம்ம பாஷையில சொன்னா, இஃப்-எல்ஸ்ல ரெண்டு பக்கத்தையும் ஓட்டிப் பார்த்திருக்கார் மனுஷன். 1972-ல் சாகித்ய அகாதெமி விருது, 1977-ல் பீம்சிங் இயக்கி, லட்சுமி நடிச்ச படம், எல்லாம் அந்த எல்ஸ் பக்கத்துக்குக் கிடைச்சது.

அவருக்கு முன்னாடியே, 1906-ல் திருப்பாதிரிப்புலியூர்ல பிறந்தவர் புதுமைப்பித்தன். அதுவும் கடலூர்தான். (தண்ணியில ஏதோ இருக்கு போல.) 'பொன்னகரம்' படிச்சிருக்கீங்களா? அடிபட்டுக் கிடக்கிற புருஷனுக்காக ஒருத்தி இருட்டுச் சந்துக்குள்ள போறா. அங்க நடந்ததை அவர் வர்ணிக்கவே இல்ல. கையில காசோட வெளிய வர்றதுதான் கதை.

இப்போ படகுக்காரர் கதைக்கு வருவோம். கொலை நடந்ததுக்கு அப்புறம் அதுல யாருக்காவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய கட்டாயம் இருக்கா? போலீஸ் பிடிக்கும், அவ்வளவுதான். அப்பா கதையில அந்தக் கேள்விக்கு அப்புறம் எந்த வாசலும் சுலபமா திறக்காது. 'நழுவிடுச்சு'ன்னா பொய்யா இருக்கலாம். 'விட்டேன்'னா, உன்னைக் காப்பாத்த அவனை விட்டேன்னு அர்த்தம்; அந்தப் பொண்ணு மறுநாள் எப்படி மணமேடையில உக்காருவா? இன்னொண்ணும் இருக்கு: அவருக்கே தெரியாம இருக்கலாம். மூணையும் தனித்தனியா ஒரு பக்கம் எழுதிப் பாருங்க.

ஆனா ஒரு பயமும் இருக்கணும். சுனாமியில கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல இறந்தாங்க. இதே கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு அந்தக் கரையில நிஜமாவே யாராவது நடமாடிட்டு இருக்கலாம். அவங்க கையில உங்க கதை கிடைக்கும்னு நினைச்சு எழுதுங்க. அலையை நாலு பாரா வர்ணிக்க வேண்டாம். எல்லாரும் டிவியில பார்த்தாச்சு.

படகுக்காரரையும் தூக்கிப் போட்டுடாதீங்க. அவர் கொலைகாரரா இல்லாம, பிணத்தை முதல்ல பார்த்தும், விஷயம் வெளிய தெரிஞ்சா டூரிஸ்ட் வரமாட்டாங்க, பொழப்பு போயிடும்னு வாயை மூடிக்கிட்டவரா இருந்தா? மறுநாள் அதே கால்வாய்ல ஒரு குடும்பத்தை ஏத்திக்கிட்டுத் துடுப்பு போடறார்னா? அப்போ நான் உங்களுக்கு வேற பதில் சொல்லியிருப்பேன்.