ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று கடைக்குப் போனால், "ஸ்பீக்கரை மாத்திடுங்க சார்" என்பார்கள். பிறகு ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் என்று பில் ஏறும். அதற்கு முன், செலவே இல்லாமல் பார்க்க வேண்டியவை நான்கு இருக்கின்றன.

நம் பிளாட்டுக்குத் தண்ணீர் வரும் வழியை நினைத்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி நிறைந்திருக்கும், ஷவரும் புதிதாக இருக்கும். நடுவில் ஒரு வால்வு பாதி மூடியிருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பாட்டும் அப்படித்தான். ஸ்பீக்கர் என்பது கடைசியில் இருக்கும் ஷவர்.

முதலில் தொட்டி, அதாவது பாட்டின் ஃபைல். சி.டி.யில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டுப் பதிவாகிறது. கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை நீக்கித்தான் அப்படிச் சுருக்குகிறார்கள். அளவுக்கு மீறிச் சுருக்கினால் ஜால்ரா, சிம்பல் போன்றவை தெளிவிழந்து கரகரக்கும். நான்கு நிமிடப் பாட்டு 4 மெகாபைட் அளவில் இருந்தால் அது 128. 10 மெகாபைட் அருகில் இருந்தால் 320. 128-ஐ 320 ஆக மாற்றிப் பயனில்லை. ஜெராக்ஸைப் பெரிதாக்கினால் எழுத்து பெரிதாகுமே தவிர தெளிவாகாது. 1950, 60களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ பதிவுகள். அவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்பது காரின் குறை அல்ல.

இரண்டாவது, குழாய். புளூடூத் வழியாகப் போகும்போது, ஏற்கெனவே சுருக்கிய பாட்டைப் போன் பொதுவாக இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது. அதே போனை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்தால் அந்த இரண்டாவது சுருக்கம் இல்லை. பென்டிரைவும் நல்ல வழிதான். பல கார்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததை மட்டுமே படிக்கும். பென்டிரைவ் "பழுது" என்று தூக்கிப் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, வால்வுகள். பாட்டு ஆப்பில் ஆடியோ குவாலிட்டி "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால், வழியில் சிக்னல் குறையும்போது தரமும் குறையும். வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் டவுன்லோட் செய்துவிட்டுக் கிளம்புங்கள். போனின் ஒலி அளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் காரில் செய்யுங்கள். போனில் குறைவாக வைத்துக் காரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து ஒரு வாரம் கேளுங்கள்.

நான்காவதுதான் முக்கியம்: வெளிச் சத்தம். டயர், எஞ்சின், காற்று ஆகியவற்றின் உறுமல் பாட்டின் கீழ் ஸ்வரங்களை மறைத்துவிடும். உடனே நாம் ஒலியைக் கூட்டுகிறோம். கண்ணாடியை ஏற்றி, ஏசி காற்றை ஒரு படி குறைத்தாலே போதும் என்பது பல நேரங்களில் தெரியும்.

இதில் காசைவிடப் பெரிய விஷயம் நம் காது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரம் 40 மணி நேரம் வரை தாங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம். தினமும் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் திரும்பும் பிள்ளைகள் சத்தமாக வைத்துக் கேட்டால், இரண்டே நாளில் அந்த வாரத்துக் கணக்கு முடிந்துவிடும். உட்காதின் நுண்ணிய செல்கள் ஒரு முறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. ஸ்பீக்கரை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் கேட்காத அளவுக்குப் பாட்டு வைப்பதும் தவறு.

இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில், எஞ்சினை அணைத்துவிட்டு, நன்கு தெரிந்த ஒரே பாட்டை புளூடூத்தில் ஒரு முறை, கேபிளில் ஒரு முறை கேளுங்கள். குறைந்த ஒலியில் கேளுங்கள், பக்கத்து பிளாட்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்! வித்தியாசம் தெரிந்தால் கேபிளோடு முடிந்தது செலவு. எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் கிழிந்த மாதிரி அதிர்ந்தால், அப்போது கடைக்குப் போங்கள். ஒயரை வெட்டி இணைத்தால் வாரன்ட்டி என்ன ஆகும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.