பெங்களூரில் நாள்வழக்குக் கன்னடம்

பிற மாநிலங்களில் வாழும் தமிழர், அவ்விடத்து மொழியைக் கற்க வேண்டுமென்று எடுத்துரைக்கத் தேவையில்லை. எங்கிருந்து தொடங்குவது என்பதே வினா. பெங்களூரு நகரைச் சான்றாகக் கொண்டு இதுபற்றிச் சில கூற விழைகிறோம்.

1809-இல் இந்நகரில் படைவீடு அமைந்தபின், தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் உழைப்பாளரும் திரளாக வந்து குடியேறினர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழொலி இன்றும் குறையவில்லை. புதிதாக வருவோர்க்கு இதுவே ஓர் இடையூறு. தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் ஒரு சொல் எடுத்தவுடனே, கடைக்காரர் தமிழில் விடை கூறிவிடுவார். பத்தாண்டு வாழ்ந்தும் ‘கன்னட கொத்தில்ல’, அதாவது கன்னடம் தெரியாது, என்ற ஒரே தொடருடன் நின்றுவிட்டோர் உளர். அத்தொடர் கதவடைக்கும் ஒலியாகவே கேட்போர் செவியில் விழுகிறது. ‘ஸ்வல்ப பருத்தெ, கலீத்தா இத்தீனி’ என்று கூறிப் பாருங்கள். ‘சிறிது வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன்’ என்பது அதன் பொருள். ‘நிதானவாகி ஹேளி’ என்று சேர்த்தால், எதிரில் இருப்பவர் மெதுவாகவே பேசுவார், ஆசிரியராகவும் ஆகிவிடுவார்.

கன்னடத்தில் ஒரு பகுதி நமக்கு முன்பே தெரிந்தது. நம் சொல்லின் முதலில் நிற்கும் பகரம், அங்கே பெரும்பாலும் ஹகரமாக ஒலிக்கும். பால் ஹாலு ஆகும். பத்து ஹத்து ஆகும். புலி ஹுலி ஆகும். நம் வகரமோ அங்கே மெல்லொலிப் பகரமாகிவிடும். வா என்பது பா. வாய் என்பது பாய். வெள்ளி என்பது பெள்ளி. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், நூறு சொற்களை மனப்பாடம் செய்யும் உழைப்பு மிச்சமாகும்.

இந்த நெருக்கமே சில வேளைகளில் நம்மை ஏமாற்றவும் செய்யும். ‘இல்ல’ என்றால் இல்லை. ‘இல்லி’ என்றால் இங்கே. ஆகவே ‘இல்லி இல்ல’ என்பது ‘இங்கே இல்லை’ என்ற செவ்விய விடை. பேருந்தில் ஒருவர் ‘பிடி’ என்று கேட்க, நம்மவர் கம்பியை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார். அவர் வேண்டியதோ ‘விடுங்கள்’ என்பதே! பிடிக்கச் சொல்வதாயின் ‘ஹிடி’ என்பார்கள். மேலே சொன்ன இரு விதிகளும் இந்த ஒரு சோடியிலேயே விளங்கும்.

இன்னும் வேடிக்கையானது விருந்தினரை அழைக்கும் சொல். கன்னடர் இல்லத்தின் வாயிலில் ‘பன்னி, பன்னி’ என்று முகமலர்ச்சியோடு வரவேற்பர். நம் பேச்சுவழக்கில் அவ்வொலிக்குள்ள பொருளை எண்ணிப் புதியவர் திகைப்பார். ‘வாருங்கள்’ என்பதே அது. உள்ளே சென்றால் ‘கூத்கொள்ளி’ என்பர். அமர்ந்துகொள்ளுங்கள் என்று பொருள். அங்கே கொள்ளியும் இல்லை, தீயும் இல்லை. ‘மாடி’ என்பதும் மேல்தளமன்று, ‘செய்யுங்கள்’ என்பதாம்.

இச்சொற்கள் அனைத்தின் ஈற்றிலும் இகரம் நிற்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். நம் ‘உங்கள்’ விகுதியின் வேலையை அவ்விகரமே செய்கிறது. அதை விட்டுப் ‘பா’, ‘மாடு’, ‘ஹோகு’ என்று சொன்னால், சிறுவனை ஏவுவதாகிவிடும். சொற்குறை எவர்க்கும் பொறுக்கத்தக்கதே. முதியவர் ஒருவரை ஒருமையில் ஏவினாலோ மனம் புண்படும். பேசியவரோ அதனை அறியவும் மாட்டார். பயணிகளுக்கான சொற்கோவைகள் பல ‘தயவுசெய்து’ என்பதற்கு நேராகத் ‘தயவிட்டு’ என்று எழுதி அமைதியுறுகின்றன. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குக் கடிதங்களில் அச்சொல் பழக்கமானது. காய்கறிக் கடையில் அதைக் கேட்டல் அரிது. அங்கே பணிவு வினையின் ஈற்றில் இருக்கிறது. நார்வே மொழியிலும் ‘தயவுசெய்து’ என்பதற்குச் சரிநிகரான ஒற்றைச் சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. காப்பி கேட்பவர் ‘தாக்’, அதாவது நன்றி, என்று சேர்த்தே பணிவு காட்டுவார். பணிவு எங்கே உறைகிறது என்பதை ஒவ்வொரு மொழியிலும் தனியே தேட வேண்டியிருக்கிறது.

வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி, 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்றார். அத்தகைய புலமை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் இரு மொழியாரிடையே கசப்பு எழுந்த காலங்கள் உண்டு. அல்சூரில் 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டு வரை திறக்கப்படாமல் மூடியே இருந்தது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலையும் திறக்கப்பெற்றது. அரசுகள் ஆற்ற வேண்டியவை அவை. பக்கத்து வீட்டாரிடம் ‘ஊட்ட ஆய்த்தா?’ என்று கேட்க எவருடைய ஆணையும் வேண்டா. நம் ‘சாப்பாடு ஆயிற்றா?’ என்பதே அது. விடையை எதிர்பாராமலும் கேட்கலாம்.

விடைபெறும்போது நாம் ‘போகிறேன்’ என்பதில்லை. கன்னடரும் அவ்வாறே. ‘ஹோகி பர்த்தீனி’ என்று சொல்லி எழுந்தால், ‘ஹோகி பன்னி’ என்று வாயில்வரை வந்து வழியனுப்புவர்.