ஆன்டிபயாட்டிக் கணக்கு

மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது அளவை வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாகத் தேவைப்படும் மருந்தின் அளவு அது. செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு 2 கிராம். ஒரு வார்டில் மாதத்துக்கு 200 கிராம் செலவானால் 100 நாள் மருந்து என்று கணக்கு. நோயாளிகள் படுக்கையில் இருந்த மொத்த நாட்களால் இதை வகுத்தால், பெரிய மருத்துவமனையையும் சிறியதையும் ஒப்பிடலாம். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப மருந்தளவு மாறுவதால், அவர்களுக்கு மருந்து கொடுத்த நாட்களையே எண்ணுகிறார்கள்.

எந்த மருந்து என்பது இன்னும் முக்கியம். 2017இல் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது. அமாக்சிசிலின் முதலில் கொடுக்கத் தக்கது, மெரோபெனம் கண்காணிப்புக்குரியது, கொலிஸ்டின் வேறெதற்கும் கிருமி மசியாதபோது எடுக்கும் கடைசி இருப்பு. அது வீணானால் நோயாளிக்குப் போக்கிடமே இல்லை.

மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கவனிக்கும் குழுவில் மருத்துவர், நுண்ணுயிரியல் நிபுணர், மருந்தாளுநர் இருப்பார்கள். முதல் ஊசிக்கு முன்பே ரத்தம் கல்ச்சர் சோதனைக்குப் போனதா என்று பார்ப்பார்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் முடிவு வந்ததும் மருந்தை நிறுத்தவோ, குறிப்பிட்ட கிருமியை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாற்றவோ சொல்வார்கள்.