காருக்கு ஏற்ற பெட்ரோல்

வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் ஒருவர் கார் வாங்குவது என்பது எளிதான காரியமன்று. ஊரில் உள்ள வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் ரெயில் கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த பிறகு மிஞ்சுவதைச் சேர்த்து வாங்குகிற கார் அது. ஆகவே அதன்மேல் நமக்கு உண்டாகும் பரிவு அளவு கடந்தது. அந்தப் பரிவே சில சமயங்களில் வீண்செலவுக்கும் காரணமாகிவிடுகிறது. அப்படி நான் இரண்டு ஆண்டுக் காலம் செய்த ஒரு வீண்செலவையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். கல்லூரியில் படித்தது கலைப் பாடம். யந்திர சாஸ்திரம் அறியாதவன். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்து ஆண்டுகள் ஓடிய சிறிய கார் ஒன்றை வாங்கினேன். பெட்ரோல் நிலையத்தில் அப்போது இரண்டு வகைப் பெட்ரோல் கிடைத்தது. ஒன்று சாதாரணம், அதன் ஆக்டேன் எண் 91. மற்றொன்று பிரீமியம்; அதன் எண் 95. விலையில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 ரூபாய் வித்தியாசம். அலுவலக நண்பர் ஒருவர், “எண் கூடினால் சக்தி கூடும், பழைய வண்டிக்கு நல்ல தீனி போடுங்கள்” என்றார். பரீட்சையில் 91 மதிப்பெண்ணைவிட 95 உயர்ந்தது என்று பழகிய மனம், அதை உடனே நம்பிவிட்டது.

2023-ஆம் ஆண்டு மே மாதம் என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். வெயிலுக்குப் பயந்து நைனிதால் போவதென்று புறப்பட்டோம். வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் பிரீமியம் இல்லை. வேறு வழியின்றிச் சாதாரணப் பெட்ரோலையே போட்டுக்கொண்டேன். காத்கோதாமுக்கு அப்பால் மலை தொடங்குகிறது. அங்கிருந்து நைனிதாலுக்குச் சுமார் 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்திற்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மூன்றாவது வளைவிலேயே எஞ்சினிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. தகர டப்பாவுக்குள் சோழிகளைப் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை. பின் இருக்கையிலிருந்து தாயார், “ஏண்டா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். உள்ளே எழுபது வயதைக் கடந்த தாயாரும், மனைவியும், குழந்தையும். என் கைகள் வியர்த்துவிட்டன. “சாதாரணப் பெட்ரோலைப் போட்டேன் அல்லவா, அதன் பலன் இது” என்று என்னையே நொந்துகொண்டேன்.

சாலை ஓரத்துப் பட்டறையில் ஒரு முதிய மெக்கானிக் இருந்தார். அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, “ஓட்டுங்கள், பாபுஜி” என்றார். ஏற்றத்தில் ஓசை எழுந்ததும், “இரண்டாவது கியருக்கு மாற்றுங்கள்” என்றார். மாற்றினேன். ஓசை நின்றுவிட்டது. அதே பெட்ரோல், அதே மலை, அதே வண்டி. நான் மூன்றாவது கியரிலேயே, வேகம் குறைந்த பிறகும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்ததுதான் குற்றம். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: “இந்த வண்டியின் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்களா?”

நாள் முழுதும் பிறர் எழுதிய காகிதங்களைப் படித்து மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான், என் காரின் கையேட்டை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. அன்று இரவு விடுதியில் பிரித்தேன். “91 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேன் எண் கொண்ட ஈயமற்ற பெட்ரோல்” என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பெட்ரோல் தொட்டி மூடியின் உட்புறத்திலும் அதே எண் ஒட்டப்பட்டிருந்தது.

ஆக்டேன் எண் என்பது என்ன? அது பெட்ரோலின் சக்தியையோ, சுத்தத்தையோ அளக்கும் எண் அன்று. அதன் பொறுமையை அளக்கும் எண் என்றால் பொருந்தும். எஞ்சினின் உருளைக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து நெருக்குகிறது. தக்க தருணத்தில் பிளக்கிலிருந்து தீப்பொறி பிறக்கிறது. தீ அங்கிருந்து தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். அவ்வாறு பரவினால் பிஸ்டன் ஒரே சீராகக் கீழே தள்ளப்படும். ஆனால் தீ வந்து சேர்வதற்கு முன்பே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை நெருக்கத்தாலும் உஷ்ணத்தாலும் பொறுக்கமாட்டாமல் தானே ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதுண்டு. அப்போது எழும் அழுத்த அலை உருளையின் சுவர்களை மோதுகிறது. நான் கேட்ட சோழி ஓசை அதுதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘நாக்கிங்’ என்று பெயர். நாம் ‘தட்டல்’ என்போம். சிறிது நேரம் தட்டினால் பெருங்கேடு இல்லை. நாள்தோறும் பலமாகத் தட்டினால் பிஸ்டனே பழுதாகும்.

எவ்வளவு நெருக்கினாலும் தீப்பொறி வரும்வரை பற்றாமல் காத்திருக்கும் தன்மையைத்தான் ஆக்டேன் எண் குறிக்கிறது. 1920-களில் அமெரிக்க வேதியியலார் கிரஹாம் எட்கர் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேன் என்னும் திரவத்திற்கு 100 என்றும், உடனே தட்டிவிடும் ஹெப்டேன் என்னும் திரவத்திற்கு 0 என்றும் எண் கொடுத்தார். 91 எண் கொண்ட பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை எஞ்சினில் எந்த அளவு தாங்குமோ அந்த அளவு தாங்கும் பெட்ரோல் என்று பொருள். அதில் 91 பங்கு ஆக்டேன் இருக்கிறது என்று பொருளன்று.

இந்தப் பொறுமையை விலை கொடுத்து வாங்குவதில் மனித குலம் ஒருமுறை பெரும் பிழையும் செய்திருக்கிறது. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் சேர்ந்த ஒரு பொருளைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் தட்டல் நின்றுவிடும் என்று கண்டார். எஞ்சின் அமைதியடைந்தது, ஆனால் அந்த ஈயம் புகையோடு வெளியேறிக் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-ல் அதைக் கைவிட்டது.

உயர்ந்த எண் யாருக்குத் தேவை? கலவையை மிகுதியாக நெருக்கும் எஞ்சினுக்குத் தேவை. அதிகம் நெருக்கினால் அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கும் என்பதால், எஞ்சினை வகுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். என் பழைய கார் கலவையை ஒன்பதில் ஒரு பங்காக நெருக்குகிறது. இன்றைய கார்கள் சில பன்னிரண்டில் ஒரு பங்காக நெருக்குகின்றன. டர்போ பொருத்திய கார்கள் காற்றையே முன்கூட்டி அமுக்கி உள்ளே அனுப்புகின்றன. அத்தகைய கார் ஒன்றின் கையேடு 95 கேட்டால் 95 கொடுப்பதே முறை; அங்கே சிக்கனம் பார்க்கலாகாது. புதிய எஞ்சின்களில் தட்டலைக் கேட்டுத் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும் கருவி உண்டு. அது எஞ்சினைக் காக்கும். ஆனால் வேகமும் மைலேஜும் குறையும். 91 கேட்கும் எஞ்சினுக்கு 95 கொடுத்தாலோ, காத்திருக்கத் தேவையில்லாத இடத்தில் காத்திருப்பவரைப் போல, அந்தப் பொறுமை பயனின்றிப் போகும்.

எண் வேறு, சக்தி வேறு என்பதற்கு எத்தனாலே சான்று. அதன் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் கிடைக்கும் வெப்பம், பெட்ரோலில் கிடைப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2025-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சாதாரணப் பெட்ரோலிலேயே 20 விழுக்காடு எத்தனால் கலக்கப்படுகிறது. இதனால் முன்பு 91 ஆக இருந்த எண் 95 ஆகியிருக்கிறது என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் அவ்வாண்டு விளக்கியது. ஆக, 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதற்கு இப்போது காரணம் இல்லை. ஆனால் பழைய காரின் ரப்பர்க் குழாய்கள் எத்தனாலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஆக்டேன் எண் விடை சொல்லாது. எத்தனை விழுக்காடு எத்தனால் வரை ஏற்கும் என்று கையேட்டில் தனியே பார்த்து, ஐயமிருந்தால் தயாரித்த நிறுவனத்தின் பட்டறையில் கேட்டுக்கொள்வது நலம்.

100 எண் கொண்ட பெட்ரோலும் நம் நாட்டில் 2020 டிசம்பர் முதல் விற்பனையில் இருக்கிறது. அறிமுகமானபோது டில்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோலின் விலையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அது அதிவேகக் கார்களுக்கும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கும் உரியது. நம் குடும்ப வண்டிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் சிலர், “அங்கே 87 பெட்ரோல்தான் போடுகிறார்கள், நம்முடையது அதைவிட உயர்ந்தது” என்று சொல்வதுண்டு. அளவுகோல் வேறுபடுவதால் வரும் மயக்கம் இது. அங்கே கடினமான இன்னொரு சோதனையின் எண்ணையும் சேர்த்துச் சராசரி எழுதுகிறார்கள். அவர்களுடைய 87, நம் முறையில் ஏறக்குறைய 91 ஆகும். சேரையும் கிலோவையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

உங்கள் காரில் தட்டல் கேட்டால், எடுத்த எடுப்பில் பெட்ரோலைக் குறை கூறாதீர்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்துப் பாருங்கள். ஓசை நிற்காவிட்டால், உருளைக்குள் கரி படிந்திருக்கலாம். தீப்பொறி முந்திப் பிறக்கலாம். குளிர்நீர் குறைந்து எஞ்சின் சூடேறியிருக்கலாம். ஒரே இடத்தில் பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் ஓசை எழுந்தால், கலப்படத்தையும் ஐயுறலாம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் சட்டென்று இறங்கிவிடும். இவற்றில் எதற்கும் விலை உயர்ந்த பெட்ரோல் உண்மையான பரிகாரம் ஆகாது. நோயை மறைக்குமே ஒழிய, தீர்க்காது.

டில்லி திரும்பியதும் கணக்குப் பார்த்தேன். மாதம் 40 லிட்டர்; லிட்டருக்கு 5 ரூபாய். இரண்டு ஆண்டில் 4,800 ரூபாய். என் தாயாரும் மனைவியும் குளிர்சாதன வண்டியில் சென்னைக்குப் போய்ச் சேரும் கட்டணத்திற்கு அது ஏறக்குறையச் சமம். தாயாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “வண்டி கேட்டதைக் கொடுத்திருக்கலாமே, நீயாக ஏன் கூட்டிக் கொடுத்தாய்?” என்று மட்டும் சொன்னார்.

அதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலை புறப்படுமுன் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தையும் படியுங்கள். அங்கே எழுதியிருக்கும் எண்ணே உங்கள் காருக்கு ஏற்ற எண். அதற்குக் குறையாமல் கொடுங்கள். அதற்கு மேல் கொடுப்பதாக இருந்த பணத்தை, ஊருக்குப் போய்வரும் செலவுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.