சமயமும் சமாதானமும்



சமயப்பற்று மிகுந்த சமுதாயத்திலே அமைதி நிலவுமா, சமயத்தைத் துறந்த சமுதாயத்திலே நிலவுமா என்னும் வினாவுக்கு விடை கூறுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். ஒரு சாரார் 1618 முதல் 1648 வரை ஜெர்மன் நாடுகளைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரைச் சான்று காட்டுவர். மற்றொரு சாரார், கம்போடியாவிலே 1975க்கும் 1979க்கும் இடையில் பிக்குகளின் காவியைக் களைவித்த கொடுங்கோலைக் காட்டுவர். இரண்டும் மெய்யே. பிணங்களை எண்ணி வழக்குத் தீர்க்க நான் விரும்பவில்லை. ஒரு சிறிய நாட்டை மட்டும் நோக்குவோம்.

அல்பேனியாவிலே முஸ்லிம்களும், மரபுவழித் திருச்சபையாரும், கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக அயலவராய் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கு அடைக்கலம் புகுந்த யூதரை அம்மக்கள் தம் இல்லங்களில் மறைத்துக் காத்தனர். காத்தோருட் பெரும்பாலார் முஸ்லிம்கள். போர் தொடங்கியபோது இருந்தவரினும் அது முடிந்தபோது அந்நாட்டில் இருந்த யூதர் மிகுதி!

இத்தகைய மக்களுக்குத்தான் 1967இல் பகுத்தறிவு புகட்ட முற்பட்டார் என்வர் ஹோஜா. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மடங்களும் மூடப்பட்டன. ஷ்கோடர் நகரத்துப் பேராலயம் விளையாட்டு மண்டபமாயிற்று. குருமார் பலர் சிறையில் மாண்டனர். அரசு எந்தச் சமயத்தையும் ஏற்பதில்லையென 1976ஆம் ஆண்டு அரசமைப்பும் விதித்தது. சமயச் சண்டை அங்கே இல்லைதான். இடுகாட்டில் ஏது சண்டை? கால் நூற்றாண்டளவு சிறையிற் கிடந்த சிமோன் யூபானி என்னும் குருவானவர், 1990 நவம்பரில், அதே ஷ்கோடர் நகரின் இடுகாட்டிலே வெளிப்படையாகப் பூசை நிறைவேற்றினார். முஸ்லிம்களும் வந்து அதில் நின்றனர்.

அப்படியாயின் அரசுக்கென ஒரு சமயம் இருக்கலாமோ என்பீர்கள். ஐஸ்லாந்தின் அரசமைப்பு லூதரன் திருச்சபையை அரச திருச்சபை என்கின்றது. உலக அமைதிச் சுட்டெண்ணிலோ 2008 முதல் அந்நாடே முதலிடம் பெற்று வந்துள்ளது. ஆயின், சமயங் காரணமாக எவரும் குடியியல் உரிமை இழக்கலாகாதென்றும் அவ்வரசமைப்பே கூறுகின்றது. இப்பின்னைய விதியே என் கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

நம் நாட்டின் சோல்பரி அரசியலமைப்பிலும் 29ஆம் பிரிவென ஒன்றிருந்தது. ஒரு சமயத்தார்க்கு இல்லாத சலுகையைப் பிறிதொரு சமயத்தார்க்குச் சட்டத்தால் வழங்கலாகாதென்றது அது. 1972இல் அப்பிரிவு ஒழிந்தது. பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வந்தது. 1978ஆம் ஆண்டு அமைப்பின் 9ஆம் உறுப்பிலும் அது தொடர்ந்தது. ஏனைய சமயங்களின் உரிமையும் காக்கப்படுமென அங்கேயே எழுதியுள்ளனர். அதனை நான் மறைக்கவில்லை. 1983 முதல் 2009 வரை நாம் பட்டதெல்லாம் சமயத்தால் விளைந்ததென்றும் சொல்லேன். மொழியும் நிலமுமே அதில் முன்னின்றன. எனினும், மன்னாரிலுள்ள கத்தோலிக்கருக்கும், காலியிலுள்ள முஸ்லிமுக்கும், வவுனியாவிலுள்ள பௌத்தருக்கும் ஒருங்கே காவலாயிருக்கத்தக்க ஒரு பிரிவை நாம் இழந்தோம். புதிய அரசியலமைப்பு வேண்டுமென்போரிடம் நான் கேட்பது, அப்பழைய பிரிவை அதிற் சேர்ப்பீர்களா என்பதே.