கடைசி இலக்கம் வரை அளந்த நாடு

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தியாவின் பரப்பளவு எவ்வளவு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும்: 32,87,263 சதுர கிலோமீட்டர். முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம்னு சொல்றதில்லை. கடைசி 63 வரைக்கும் சொல்கிறார்கள். இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிற அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு முன் இந்தக் கணக்கு வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

1802 ஏப்ரலில் லாம்டன் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கம் தரையில் சங்கிலி போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே இமயமலை வரை போனார்கள். கோணம் அளக்கிற தியோடலைட் கருவி மட்டும் அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சேதமானது. கருவி கோயிலில் ஏறியது 1808. நாம் கோயிலுக்குள் போக ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939. நாட்டை அளந்த வரலாற்றில் இதையும் ஓரமாகக் குறித்து வையுங்கள்.

பரப்பளவு என்பது ஒரே எண் அல்ல. 32,87,263 என்பது பாகிஸ்தான், சீனா கையில் இருக்கிற பகுதிகளையும் சேர்த்த கணக்கு. ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்துவிட்டு 'நிலப்பரப்பு' என்று உலகக் கணக்குகளில் போடுவது 29,73,190 சதுர கிலோமீட்டர்.

மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. நமக்கு அதுதான் முக்கியம். கிராமக் கணக்கில் ஏறிய நிலம் எவ்வளவு என்பது அது. அன்றைக்குக் கர்ணம் எழுதினார், இன்றைக்கு கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். 1950-51இல் நாடு முழுக்க இப்படிக் கணக்கில் ஏறியது 28 கோடியே 43 லட்சம் ஹெக்டேர். 1990-91இல் அது 30 கோடியே 49 லட்சம். நாற்பது வருஷத்தில் இரண்டு கோடி ஹெக்டேருக்கு மேல் கூடியிருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைத் தமிழ்நாடு! நாடு வளர்ந்துவிட்டதா? 1961இல் கோவா, 1975இல் சிக்கிம் சேர்ந்தது உண்மை. ஆனா ரெண்டையும் கூட்டினாலும் 11 லட்சம் ஹெக்டேர் தேறாது. மீதி நிலம் முன்பும் அங்கேயேதான் இருந்தது. யாரும் அளந்து எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். எழுதியதும் அது 'இருக்கிற' நிலமாகிவிட்டது.

எழுதுகிறவன் கையில்தான் நிலம் இருக்கிறது என்பது நமக்குப் புதிதா என்ன? நான் வங்கிக் குமாஸ்தா. பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் சிட்டா, அடங்கல் எங்கேன்னு கேட்பது என் வேலை. முப்பது வருஷம் அதே வயலில் நாற்று நட்டவராக இருந்தாலும் காகிதத்தில் பெயர் இல்லையென்றால் அவர் விவசாயி இல்லை.

யார் கையில் எவ்வளவு என்றும் அரசாங்கம் எண்ணியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் தாழ்த்தப்பட்டோர் நூற்றுக்கு 16.6 பேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நம் சாகுபடியில் இருந்த நிலம் நூற்றுக்கு 9 பங்குகூட இல்லை. அதிலும் குத்தகைக்கு உழுவது சேர்ந்திருக்கிறது. நிலமே இல்லாதவர் அந்தக் கணக்கெடுப்பில் வரவே மாட்டார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எவ்வளவு? சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லி வருகின்றன. முழு எண்ணாக, உருட்டிய எண்ணாக. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம்மவரைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். கொடுத்த அன்று சங்கிலி பிடித்து, எல்லைக்கல் நட்டு, சர்வே எண் போட்டுத்தானே கொடுத்தான்? அந்தக் கல் எங்கே? இந்தக் கேள்வியை வைத்துக் காரணை நிலத்துக்காகப் போராடியபோதுதான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு தோழர்கள் செத்தார்கள். நாட்டின் அளவில் கடைசி 63 வரை தெரிந்தவர்களுக்கு, நம் நிலத்தில் மட்டும் லட்சக்கணக்கு கண்ணில் படவில்லையா?

மாணவத் தோழர்களே, கோஷம் போடுவோம், வேண்டியதுதான். ஆனால் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். உங்கள் ஊர் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தாச்சு. மனுப் போடுங்கள். டி.சி. நிலம் என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணையும் குறியுங்கள். பிறகு புலப்படத்தோடு அந்த வயலில் போய் நில்லுங்கள். யார் உழுகிறான், யார் வேலி போட்டிருக்கிறான் என்று எழுதுங்கள்.

நாட்டை அவர்கள் அளந்து முடித்துவிட்டார்கள். நம் பங்கை நாம்தான் அளக்க வேண்டும், ஏக்கர் ஏக்கராக, சென்ட் சென்டாக.